அரிசி மாவுக்குள் கோதுமை எப்படி வருகிறது?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. எடை ஏறவில்லை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ரத்தசோகை என்று பல இடம் அலைந்தோம். கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய் என்று சொன்னார்கள். 8 மாதமாகக் கோதுமை, மைதா, ரவை எதையும் அவள் கண்ணில் காட்டுவதில்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் கூழ் என்றுதான் போகிறது. அரிசியையும் கேழ்வரகையும் கழுவிக் காயவைத்துத் தெருமுனை மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் சென்ற வாரம் எடுத்த டிடிஜி பரிசோதனையில் (இந்த நோய்க்கான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளப்பது) அளவு எதிர்பார்த்த மாதிரி இறங்கவில்லை. எங்கேயோ குளூட்டன் உள்ளே போகிறது என்கிறார் டாக்டர். எந்த மாவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை? கம்பு, சோளம், தினை தரலாமா? சம்பா கோதுமை பழைய ரகம், அது ஒன்றும் செய்யாது என்று மாமியார் சொல்கிறார். ஆன்லைனில் வரும் குளூட்டன் இல்லாத மாவைத்தான் வாங்க வேண்டுமா? விலை கட்டுப்படியாகவில்லை. பள்ளியின் காலை உணவில் பொங்கல் போடும் நாளில் மட்டும் அங்கே சாப்பிடுகிறாள். வீட்டில் மற்றவர்களுக்கு இரவில் சப்பாத்திதான். 3 வயதில் அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அரிசியையும் கேழ்வரகையும் சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள். இரண்டிலும் குளூட்டன் கிடையாது. நீங்கள் கழுவிக் காயவைப்பதுவரை எல்லாமே சரியாகத்தான் நடந்திருக்கிறது. என் சந்தேகமெல்லாம் அதற்கு அடுத்த படியில், அந்தத் தெருமுனை மில்லில்தான்.

அடுத்த முறை மில்லுக்குப் போகும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போவார். கடைசி மாவு விழுந்ததும் மில்காரர் துணிக்குழாயை இரண்டு தட்டுத் தட்டி, உங்கள் அரிசியை மேலே கொட்டுவார். அந்தக் குழாயின் மடிப்பிலும், அரைக்கும் பகுதியின் இடுக்கிலும், தொட்டியின் மூலையிலும் தங்கியிருந்த கோதுமை மாவு உங்கள் மாவோடு சேர்ந்தே இறங்கும். வீட்டில் மற்ற யாருக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மகளுக்கு இதுவே பெரிய விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 2 கிலோ அரிசி அரைக்கிறீர்கள், அதில் பழைய கோதுமை மாவு 20 கிராம் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடிகூட இல்லை, கண்ணுக்கும் தெரியாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, உங்கள் மாவில் 2 கிராம் குளூட்டன் சேர்ந்துவிட்டது. கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லிக்கொள்ள நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். சர்வதேச வரம்பும் அதுவே. அதைப்போல 50 மடங்கு இந்த மாவில் இருக்கிறது. இதில் 60 கிராம் எடுத்து இடியாப்பம் பிழிந்து கொடுத்தால், ஒரே வேளையில் 60 மில்லிகிராம் குளூட்டன் அவள் வயிற்றுக்குள் போகும்.

ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளின் குடல் தாங்கிக்கொள்கிறது. இத்தாலியில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்ததிலேயே, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய ஆரம்பித்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கு நின்று, எடையும் கூடி, டிடிஜி மட்டும் இறங்காமல் நிற்பதற்கு இந்த மாதிரி தினசரிக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே புண் ஆறாது.

இது நம் ஊர் மில்களின் குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2010-ல், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்களையும் மாவுகளையும் கடையில் வாங்கிச் சோதித்தார்கள். 22-ல் 7 அந்த 20 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தன. எங்கே அரைத்தாலும், ஒரே இயந்திரத்தில் கோதுமையும் ஓடினால் இதுதான் நடக்கும்.

"காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்துக்கொள்கிறேன்" என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். நேற்று ராத்திரி தங்கிய மாவு எங்கேயும் போய்விடாது. "முதலில் ஒரு கிலோ அரிசி ஓட்டிவிட்டு அப்புறம் என்னுடையது" என்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எவ்வளவு குறைந்தது என்று நமக்குத் தெரியப்போவதில்லை. அரிசி தவிர வேறெதையும் தொடாத மில் பக்கத்தில் இருந்தால், மில்காரரிடம் நேராகக் கேட்டு உறுதி செய்துகொண்டு அங்கே போகலாம்.

மற்றபடி அவள் ஒருத்திக்கு வேண்டிய மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துவிடலாம். 6 வயதுக் குழந்தை வாரத்துக்கு ஒரு கிலோ மாவுகூடச் சாப்பிடாது. பச்சரிசியைக் களைந்து 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் போட்டு அரைத்துச் சலித்து, கப்பியை மறுபடி போட்டு அரைத்து, வாணலியில் கோலம் போடும் பதத்துக்கு வறுத்து வைத்தால் இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாவற்றுக்கும் ஆகும். கேழ்வரகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கல் அரித்துக் கழுவி நன்றாக மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். ஜாரில் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள், சூடேறி மாவு கட்டிக்கொள்ளும். சலிக்கும்போது மேலே நிற்கும் உமியைப் போட்டுவிடலாம். ஜாரும் சல்லடையும் புதிதாக வாங்குங்கள். கோதுமை மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு நின்றுகொண்டே இருக்கும்.

கம்பு, சோளம், தினை மூன்றும் தாராளமாகத் தரலாம். சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, மக்காச்சோளம், ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, எல்லாப் பருப்பு வகைகளும்கூட ஆகும். ஆனால் தானியங்களை மாவாக வாங்காதீர்கள், முழுத் தானியமாக வாங்குங்கள். முழுத் தானியத்தில் கலப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். வாங்கி வந்ததும் தாம்பாளத்தில் பரப்பிப் பாருங்கள், சோளத்துக்குள் ஓரிரண்டு கோதுமை மணி கிடப்பது அபூர்வமே இல்லை. தினை, சாமை மாதிரிப் பொடித் தானியங்களில் வேலை இன்னும் சுலபம். தானியம் மட்டும் கீழே இறங்கும் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் கோதுமை மணி மேலேயே நின்றுவிடும். அப்புறம் மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவினால், மேலே ஒட்டியிருக்கும் மாவுத்தூசியும் போய்விடும். மளிகைக் கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பதைத் தவிருங்கள். கோதுமையை அள்ளிய அதே படிதான் கம்பு மூட்டைக்குள்ளும் போகும்.

கேழ்வரகை விட்டுவிடாதீர்கள் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. குடல் புண்ணாகிக் கிடந்த காலத்தில் இந்தக் குழந்தைகளின் உடம்பில் கால்சியமும் இரும்பும் சரியாகச் சேர்ந்திருக்காது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. கம்பில் இரும்பு நன்றாக உண்டு. வெள்ளை அரிசி ஒன்றையே மூன்று வேளையும் கொடுத்தால் வயிறு நிறையும், ரத்தசோகை போகாது. முட்டை, பருப்பு, கீரை, அவளுக்கு ஒத்துக்கொண்டால் பாலும் தயிரும் பக்கத்தில் இருக்கட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு, வைட்டமின் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது சம்பா கோதுமை. அது பழைய ரகம்தான், உங்கள் மாமியார் சொல்வதில் அதுவரை தவறில்லை. ஆனால் பழைய கோதுமையும் கோதுமைதான், குளூட்டன் அதிலும் இருக்கிறது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் வறுத்தாலும் போகாது. பாம்பே ரவை, வறுத்த ரவை, சம்பா ரவை, மைதா, சேமியா எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். பார்லியும் ஆகாது, நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லித் தண்ணீர் உட்பட. இட்லி ரவை மட்டும் அரிசியில் செய்வது, பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

"கொஞ்சூண்டு சாப்பிட்டால் என்ன?" என்று மாமியார் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் தலைமுறையில் இந்த நோயை நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2016-ல் வெளியான இந்திய ஆய்வில், பெரியவர்களில் சீலியாக் இருந்தவர்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர். பஞ்சாபிலோ டெல்லியிலோ இருந்திருந்தால் பக்கத்து வீட்டிலேயே ஒரு குழந்தை இருந்திருக்கும், விளக்கும் வேலையும் உங்களுக்கு மிச்சமாகியிருக்கும். மாமியாரிடம் ஒரு கதை சொல்லிப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம். ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் பழையபடி படுத்துவிட்டார்கள். கோதுமைமேல் முன்பே சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு அது உறுதியானது. 10 மில்லிகிராம் குளூட்டன் என்பது ஒரு சிட்டிகை கோதுமை மாவிலேயே தாண்டிப்போகிற அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட் பலவற்றில் பெயருக்குத்தான் ராகி, உள்ளே பாதிக்கு மேல் கோதுமையோ மைதாவோ இருக்கும். சத்துமாவிலும் அப்படித்தான். கடைச் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் பெரும்பாலும் உண்டு. தம்பிக்காக அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு, அதை அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஹார்லிக்ஸ், பூஸ்ட் வகையில் பார்லி மால்ட், பல கார்ன் ஃப்ளேக்ஸ்களில் மால்ட் சாறு, சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் பிரச்சினை குறைவு என்றாலும், கோதுமையோடு கலந்தே வருவதால் டாக்டர் சொல்லும்வரை வேண்டவே வேண்டாம்.

பெருங்காயத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். நாம் வாங்குவது சுத்தமான காயம் இல்லை, கூட்டுப் பெருங்காயம். காயத்தின் பாலை மைதாவோ அரிசி மாவோ கோந்தோ சேர்த்துப் பிசைந்து கட்டியாகவும் தூளாகவும் ஆக்குகிறார்கள். நாலு பேருக்கான சாம்பாரில் அரை கிராம் போடுகிறீர்கள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் 25 மில்லிகிராம் குளூட்டன். அவள் பங்குக்கு 6 மில்லிகிராம். மதியம் சாம்பார், ராத்திரி ரசம் என்றால் 10-ஐத் தாண்டியாயிற்று. டப்பாவைத் திருப்பி, கோதுமை மாவு அல்லது மைதா என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. கிடைக்கும்வரை பூண்டும் சீரகமும் போட்டு ரசம் வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இரவுச் சப்பாத்தியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நிறுத்தினால் வீட்டில் நிம்மதி போய்விடும். ஆனால் மாவு தேய்க்கும்போது பறக்கும் தூசி பக்கத்தில் திறந்திருக்கும் சட்னியிலும் உட்காரும். அவள் சாப்பாட்டை முதலில் சமைத்து, எடுத்து, மூடிவையுங்கள். அப்புறம் சப்பாத்தி வேலையைத் தொடங்குங்கள். பலகை, பூரிக்கட்டை, தோசைக்கல், தோசைத்திருப்பி அவளுக்குத் தனி. பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது. கிரைண்டரில் இட்லி மாவு மட்டும்தான் அரைக்கிறீர்கள் என்றால் அது ஒன்றும் செய்யாது. எவர்சில்வர் பாத்திரங்களை சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும், இரண்டு ஜோடி வாங்கிச் செலவழிக்க வேண்டாம். வெளியே போனால் தோசை பத்திரம் என்று நினைப்போம். பரோட்டா போடும் அதே கல்லில்தான் பல ஓட்டல்களில் தோசையும் ஊற்றுகிறார்கள்.

ஆன்லைன் மாவு அவசியம் இல்லை. குளூட்டன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்று சோதித்ததாக அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாம், ஆனால் பலவற்றில் மக்காச்சோள ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும்தான் அதிகம். அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள் என்பேன். எல்லோரும் சப்பாத்தி சாப்பிடும்போது அவள் ஏக்கமாகப் பார்க்கிறாளா? ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுக் கொதிக்கவைத்து, வீட்டில் அரைத்த சோள மாவு (கார்ன் ஃப்ளோர் இல்லை) ஒரு டம்ளர் கொட்டிக் கிளறி மூடிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசையுங்கள், ஆறிவிட்டால் விரிசல் விடும். ஒரு டீஸ்பூன் இசப்கோல் சேர்த்தால் நன்றாகச் சேர்ந்து வரும். எண்ணெய் தடவிய கவரில் வைத்துத் தட்டி, கல்லில் போட்டு எடுங்கள். சப்பாத்தி மாதிரி இழுபடாது, குருமாவோடு நன்றாகவே இறங்கும்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி எல்லாம் முறை வைத்து வருகின்றன. பொங்கல் நாளில் பொங்கல் அரிசிதான், ஆனால் அண்டாவும் கரண்டியும் அதேதான், அதில் போடும் பெருங்காயம் என்ன என்றும் உங்களுக்குத் தெரியாது. இப்போதைக்கு அவள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், மதியத்துக்கும் டப்பா கட்டிக் கொடுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடமும் வகுப்பு டீச்சரிடமும் கொடுங்கள். பிறந்தநாள் கேக், சக பிள்ளைகள் நீட்டும் பிஸ்கட் என்று டீச்சருக்குத் தெரிந்தால்தான் பார்த்துக்கொள்வார். கைவேலை வகுப்பில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள், களிமண்ணுக்குப் பதில் மைதா மாவை உருட்டுவார்கள். முடித்ததும் கை கழுவச் சொல்லிப் பழக்குங்கள், இந்த வயதுக் குழந்தை விரலை வாயில் வைக்காமல் இருக்காது.

டிடிஜி அளவைப் பார்த்து இப்போதே கலங்க வேண்டாம். தொடக்கத்தில் மிக அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு, சரியாகச் சாப்பிட்டாலும் முழுக்க இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மில், பெருங்காயம், பள்ளி இந்த மூன்றையும் இன்றே மாற்றிவிட்டு, அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டரைக் கேளுங்கள். அதுவரை அவள் சாப்பிடும் எல்லாவற்றையும், மாத்திரை, சிரப் உட்பட, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அளவு அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டர் தேடுவதற்கு அந்த நோட்டு உதவும்.

தம்பியையும் பெற்றோர் உங்கள் இருவரையும் பற்றி. இந்த நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு, அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். மூவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் "எதற்கும் இருக்கட்டும்" என்று தம்பிக்குக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியும்.